தணிந்த ஆநிரை

காங்கேயத்துக்குத் தெற்கே இருந்த ஆனின ஆய்வு நிலையத்தின் நாற்பது காளைகளுள் ஒன்றுக்கும் மூக்கணாங்கயிறு இல்லை. எட்டாண்டுகளாக அங்கே எவரும் குரல் உயர்த்தியதும் இல்லை. முன்பு ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்த இரு துறைத் தலைவர்கள் இப்போது ஒரே குடையின் கீழ் நடந்தனர். கூரை ஒழுகினால், அதனடியில் இருந்தவர் நாற்காலியைச் சற்றே நகர்த்திக்கொண்டார்.

இவ்வளவும் மரபுநெய்தறி தந்த வரம் என்றே எல்லாரும் நம்பினர். கன்று கருவாக இருக்கையிலேயே அதன் மரபிழைகளுள் ஒன்றை அவிழ்த்து வேறொன்றைக் கோக்கும் கருவி அது. அதைக்கொண்டு முனைவர் மரகதவல்லி, சினம் தணிக்கும் இழையொன்றைக் காங்கேய இனத்தில் நெய்து, பன்னிரண்டு ஆண்டுகளாக அக்குலத்தைப் பேணிவந்தார். சாந்தமான உயிரோடு பழகும் மனிதரும் சாந்தமாவர் என்பது நிலையத்தாரின் விளக்கம்.

நாள்தோறும் விடியலில் மரகதவல்லி நீராடி, அவ்விழையோடு பிறந்த முதற்பசுவுக்கு ஒரு மலர் சாத்தித் தொழுவார். பின்பு அனைவரும் அம்மந்தையின் பாலை ஒவ்வொரு குவளை அருந்துவர். அருந்தாமல் எவரும் காளைகளின் அருகே செல்வதில்லை. அது அவர்கள் காத்துவந்த நோன்பு. அதன் பிறகே மதிப்பீடு நிகழும். மூன்றடித் தொலைவில் நின்று, காளையின் கண்ணையும் காதையும் குளம்பையும் மூச்சையும் நோக்கி, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி இடுவர். ஐந்து என்பது பூரண சாந்தம்.

அன்று புறமதிப்பீட்டாளர் வந்திருந்தார். அவரும் ஐந்து இட்டுவிட்டால், நண்பகலில் கூடும் குழு இக்குலத்தின் கன்றுகளை எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்ப ஆணையிடும். அவர் பாளையங்கோட்டைப் பேராசிரியர் இருதயநாதன். விலங்கின் குணம் வளர்ப்பால் வருவதேயன்றிப் பிறப்பால் அன்று என முப்பது ஆண்டுகளாக வாதிட்டவர். மாறான சான்று மும்முறை வந்தபோதும், மும்முறையும் சான்றையே பழித்தவர்.

தொழுவக் காவலர் சென்னியப்பன் குவளையை நீட்டினார்.

"பாலா? வேண்டாம்யா. ஒரு வாய் குடிச்சாலும் வயிறு ஊதிக்கிடும். கடுங்காப்பி இருந்தாத் தாரும்."

"பால் குடிக்காம உள்ள போனா மாடு கோவிச்சுக்குமுங்க," என்று சென்னியப்பன் சிரித்தார்.

"கோவிச்சுக்கிடட்டும்."

முதற்கொட்டிலில் நின்றது காரி என்னும் காளை. பேராசிரியர் மூன்றடித் தொலைவை எட்டுமுன்பே அது தலை தாழ்த்தியது, குளம்பால் மண்ணைக் கீறியது, உறுமியபடி பாய்ந்தது. அறுபது வயதை மறந்து அவர் கட்டைவேலியைத் தாவினார். உள்ளே தங்கிவிட்ட ஒற்றைச் செருப்பைக் காரி கொம்பால் குத்தி எறிந்தது.

மரகதவல்லி பதிவேட்டில் எழுதினார்.

"என்னம்மா எழுதுதிய?"

"அஞ்சு, சார்."

"அஞ்சா! என் செருப்பைப் பாத்தியளா?"

"வெளையாடுதுங்க," என்றார் சென்னியப்பன்.

"உம்ம கால்ல அது என்னவே தழும்பு?"

சென்னியப்பன் வேட்டியைச் சற்றே உயர்த்தினார். "இதுங்களா? போன தையில காரி முட்டுனதுங்க. பதினாறு தையல். ஆசையாத்தான் முட்டுச்சுங்க."

பேராசிரியர் மரகதவல்லியை நோக்கினார். அவரோ பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். பால் அவருடைய அறிவை மழுக்கியிருக்கவில்லை. கவலையை மட்டுமே கரைத்திருந்தது. முதல் நான்காண்டுகளில் ஒன்றும் இரண்டுமே புள்ளிகள். முதற்பசு ஈன்று, அதன் பாலை அவர்கள் குடித்த நாள்முதல் எல்லாம் ஐந்து. காளையின் மூளைக்கென நெய்த இழை பசுவின் மடியில் வேலை செய்திருக்கிறது.

"சார், மாடு தணியலை. நாங்கதான் தணிஞ்சிருக்கோம்."

பன்னிரண்டு ஆண்டுகள். அதற்கான துயரைத் தம்முள் தேடினார். வறண்ட கிணற்றில் விட்ட வாளியாய் மனம் வெறுமையாகவே திரும்பியது. ஆவின் மடியில் அருள் சுரக்கும் என்று தொழுதது பொய்யில்லை என்று ஒரு மகிழ்ச்சியே மேலெழுந்தது. ஒரு தாளை எடுத்து எழுதினார்: 'என் கருதுகோள் பொய்த்தது. கன்றுகளை அனுப்பலாகாது. பிழை என்னுடையது.' கீழே ஒப்பமிட்டார்.

இருதயநாதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வருத்தமா இல்லியாம்மா?"

"உண்மை தெரிஞ்சுதே, சார்."

அவர் கல்லில் அமர்ந்தார். 'பிழை என்னுடையது' என்னும் இரு சொற்களை எழுத இயலாமல், மாறான சான்றைக் கொண்டுவந்த அருமை மாணவன் ஒருவனைப் பகைத்து, முப்பது ஆண்டுகள் உறக்கம் கெட்டவர் அவர். மதிப்பீட்டுத் தாள் எழுதப்படாமல் அவர் மடியில் கிடந்தது.

"அந்தப் பாலு இன்னும் இருக்கா?"

"வயிறு ஊதும்னீங்களே! முதல்ல உங்க தாளை எழுதிடுங்க, சார்."

"எழுதுவோம், எழுதுவோம். ஊதுனா ஊதட்டும்."

குவளை முழுவதையும் குடித்தார். கால்மணி நேரத்தில் நெற்றிச் சுருக்கம் நெகிழ்ந்தது. முதலில் அந்த மாணவனுக்கு, 'நீ சொன்னதே சரி. பிழை என்னுடையது' என்று மடலெழுதி, குழந்தைபோல் நகைத்தார். பிறகு மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கொண்டு காரியை நோக்கினார். அது இன்னும் செருப்பைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"செருப்புன்னா அதுக்கு என்ன ஆசை பாத்தியளா!" என்று கனிந்து, நாற்பது காளைகளுக்கும் ஐந்து இட்டார்.

மரகதவல்லி இரு தாள்களையும் ஒன்றாக வைத்தார். ஒன்று மந்தை தணியவில்லை என்றது. மற்றது தணிந்தது என்றது. இரண்டும் கலப்பற்ற நேர்மையோடு எழுதப்பட்டவை. வாயிலில் குழுவினரின் வண்டி ஒலித்தது.

"அவங்களுக்குக் கடுங்காப்பி போடுங்க, சென்னியப்பன்."

"ஏனுங்க டாக்டரம்மா, இத்தனை மாட்டை வெச்சுக்கிட்டு, வீடு தேடி வந்தவங்களுக்கு வெறுங்காப்பியா குடுக்கறது? நல்லாவா இருக்கும்?"

மரகதவல்லி சற்று எண்ணிப் பார்த்தார்; பின்பு புன்னகைத்தார்.

"அதுவும் சரிதான்," என்றார்.