துணி நாற்காலியில் தூங்கும் மகள்

ஓவியரின் மனைவி துப்பறிவாளரின் படியேறியதும் தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. கணவனைப் பற்றிய சந்தேகம் என்றால் வேறு என்னவாக இருக்கும்? அவள் சொன்னதோ வேறு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன மகளை, கணவர் மட்டும் ரகசியமாகப் பார்த்து வருகிறாராம்.

ஆதாரம், அவருடைய புதுப் படம். கடற்கரையில் குடும்பத்தோடு விடுமுறை. அப்பா பந்துக்குக் காற்று ஊதுகிறார். அம்மா ஆரஞ்சு உரிக்கிறாள். மகன் கழுத்துவரை மணலில் புதைந்து சிரிக்கிறான். மகள் துணி நாற்காலியில் தூங்குகிறாள். சின்னப் பெண்ணாகப் போனவள், படத்தில் வயது கூடி, கன்னம் சதை போட்டிருக்கிறாள். ஓவியரோ, ஓர் ஆரஞ்சு வரைவதற்கும் பழக்கடைக்கு ஓடுகிற மனிதர்.

"பாக்காம எதையும் வரைய மாட்டாரு சார். அவ எங்க இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. என்கூடப் பேசக்கூட வேண்டாம்." அறுந்த காது மடலை முடியால் மறைத்தபடியே பேசினாள்.

துப்பறிவாளரின் உதவியாளருக்கு அவசரம் அதிகம். ஓவியரின் வீட்டு வாசலில், அவர் செருப்பில் கடல் மணலைக் கண்டதும், மனதுக்குள்ளேயே மகளுக்குக் கடலோரத்தில் வீடே பார்த்துக் கொடுத்துவிட்டார். துப்பறிவாளர் உள்ளே போய்ப் படத்தின் முன் நின்றார். ஓவியர் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் மேலயும் வெயில் உச்சியிலேருந்து விழுது. இந்தப் பொண்ணு மேல மட்டும் பக்கவாட்டுல, ஜன்னல் வெளிச்சம் மாதிரி. கடலுக்குப் போய் வெறும் நாற்காலியத்தான் வரைஞ்சிருக்காரு. பொண்ண வரைஞ்சது இந்த வீட்டுல," என்றார் துப்பறிவாளர்.

"இங்க வந்தாளா?" மனைவியின் குரலே மாறிவிட்டது.

துப்பறிவாளர் தயங்கினார். "மத்தவங்க நம்மளப் பாக்கறாங்க. இவ மட்டும் தூங்கறா. யாரப் பாத்து வரைஞ்சாரோ, அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு அவங்க தூங்கும்போது வரைஞ்சிருக்காரு. இவ காதப் பாருங்கம்மா, மடல் அறுந்திருக்கு."

அவள் கை தன் காதுக்குப் போனது. பகலில் அவள் கண்ணயர்வது ஜன்னலோரக் கட்டிலில்தான்.

ஓவியர் அப்போதுதான் வாய் திறந்தார். "அவளப் பாத்திருந்தா வரைஞ்சுகிட்டா இருப்பேன்? கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேன். இப்ப எப்படி இருப்பாளோ, தெரியல. உன் சாயல்தானேன்னு... கொஞ்சம் சுருக்கத்த மட்டும் எடுத்துட்டேன்."

மனைவி படத்தை ஒட்டிப் போய் நின்றாள்.

"கண்ணத் திறந்திருக்கற மாதிரி மாத்திடுங்களேன்."

"அவ கண்ணு உன்னோடது இல்லையே," என்றார் ஓவியர். "யாரப் பாத்து வரையறது?"