லஸ்தேனியாவுக்கும் என் அன்பு

திரான்சிதோவால் படிக்க முடியாத எழுத்தை உலகத்தில் எவரும் இன்னும் எழுதவில்லை. இதைச் சொன்னவள் திரான்சிதோவேதான். உறை பிரிக்காத கடிதத்தை வெளியிலிருந்தே தடவிப் படித்திருக்கிறாளாம். ஒருமுறை படகு கவிழ்ந்து, கடிதம் கரைந்து, ஒரு குவளை உப்புத்தண்ணீராகத்தான் கரை சேர்ந்ததாம். அந்தத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முழுக் கடிதத்தையும் காற்புள்ளி உட்பட ஒப்பித்தாளாம்.

சிலி நாட்டின் தெற்கே, சிலோயேயின் அந்தச் சின்னத் தீவில் இதை நம்பியவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தக் கரையில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆண்களில் பாதிப் பேர் தெற்கே ஆட்டுப் பண்ணைகளுக்குப் போனவர்கள், போனவர்கள்தான். கிழங்கு தோண்டுவது, சிப்பி பொறுக்குவது, கம்பளி நெய்வது எல்லாம் பெண்கள் தலையில். கடிதம் வந்தால் திரான்சிதோவின் காலைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தவர்கள் அவள் புளுகையும் கேட்டே ஆக வேண்டும்.

அன்று நடுப்பகல், மழை. அந்தத் தீவின் மழையை லேசாக நினைக்காதீர்கள். அங்கே கோழிக்குஞ்சு முட்டைக்குள்ளேயே நீந்தப் பழகிவிட்டுத்தான் வெளியே எட்டிப் பார்க்கும். கம்பளிப் போர்வை சொட்டச் சொட்ட திரான்சிதோ சுனில்டாவின் வீட்டுக்குள் வந்தாள்.

"சுனில்டா! உங்க அக்கா எழுதியிருக்கா. அடுப்புப் பக்கம் இடம் விடு, படிக்கிறவளுக்குக் குளிரக் கூடாது."

சுனில்டா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். அவள் அக்கா எதெல்மிரா குவாய்தேக்காஸ் தீவுகளில் மரம் வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். தானே கோணல் மாணலாக எழுதுவாள். படகுக்காரன் மனசு வைத்தால் கடிதம் வரும். சுனில்டாவின் மகள் நியேவெஸ் ஆட்டுத்தோல் மேல் உட்கார்ந்து கிழங்கு அடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் குளோரிந்தா, சுனில்டாவுடைய புருஷனின் அக்கா, வழக்கம்போல மாத்தே குடிக்க வந்திருந்தாள். சுரைக்குடுவையில் குழல் போட்டு உறிஞ்சும் அந்தக் கசப்புத் தண்ணீர் இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

"படிங்க வாத்தியாரம்மா. உறையைப் பிரிக்கணுமா, தடவினாலே போதுமா?" என்றாள் குளோரிந்தா.

எதெல்மிராவின் கடிதங்கள் ஒரே மாதிரிதான் முடியும்: வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி அன்பு. பெயரைப் படித்ததும் அந்த ஆள் 'இருக்கேன், அவளுக்கும் அன்பு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தீவுகளில் அப்படித்தான். பதில் சொன்னவர்கள் அத்தனை பேரையும் மறுகடிதத்தில் குறிப்பிட்டாக வேண்டும். விட்டால் மனஸ்தாபம். ஒருமுறை பசுவின் பெயரையும் எழுதிவிட்டாள்; பசுவும் தொழுவத்திலிருந்து பதில் சொன்னது.

திரான்சிதோ படித்தாள். மழையில் நனைந்த தாள் அடுப்புச் சூட்டில் ஆவி விட்டது.

"சுனில்டாவுக்கு என் அன்பு."

"இருக்கேன். அவளுக்கும் அன்பு."

"நியேவெஸ் குட்டிக்கு."

"இருக்கேன்!" அடை தெறித்தது.

"குளோரிந்தாவுக்கு."

"இருக்கேன், வேற எங்க போய்த் தொலைய?"

திரான்சிதோ படிப்பதை நிறுத்தினாள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தூரத்தில் பிடித்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"என்ன வாத்தியாரம்மா, மாட்டிக்கிச்சா?" என்றாள் குளோரிந்தா.

திரான்சிதோவின் காது சிவந்தது. தலையை நிமிர்த்தி உரக்கப் படித்தாள்.

"லஸ்தேனியாவுக்கும் என் அன்பு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பெயர் அந்த வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்திலும் இல்லை.

மழை ஓட்டின்மேல் தட்டிக்கொண்டிருந்தது.

தலைக்கு மேலே, கிழங்குப் பரணிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேன்."

பெண் குரல். வாய் நிறைய மண்ணை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, அந்த வார்த்தைகளை அப்போதுதான் கற்றுக்கொள்வதுபோல மெல்ல, மெல்ல:

"அவளுக்கும்... அன்பு."

"இயேசு மரி சூசையே!" என்றாள் திரான்சிதோ.

குளோரிந்தா எரிகிற கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள். "காத்துடி! பலகை இடுக்குல காத்து. வந்து பாருங்க, வெறும் கிழங்கு!"

சுனில்டா பாதி ஏணிவரை ஏறி எட்டிப் பார்த்தாள். கிழங்குதான். ஆனால் கடல் வற்றிய சேற்றின் வாடை அடித்தது. குவியலின் நடுவில் ஒரு பள்ளம், ஒரு ஆள் குந்தியிருந்து எழுந்த அளவுக்கு. அவள் பார்க்கப் பார்க்க, ஓரத்துக் கிழங்குகள் ஒவ்வொன்றாக உருண்டு அந்தப் பள்ளத்தை மூடின.

அவள் மடமடவென்று இறங்கிவிட்டாள்.

மறுகடிதம் எழுதும்போது திரான்சிதோ பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கிசுகிசுத்தாள்: "அவளையும் போடட்டுமா? பதில் சொன்னவளை விடக் கூடாதே."

"போடுக்கா. கோவிச்சுக்கப் போறா" என்றாள் சுனில்டா.

'லஸ்தேனியாவும் எங்களோடு சுகம்' என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகு பரண் சும்மா இருக்கவில்லை. பகலில் கிழங்கு உருளும். சுனில்டா தறியில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே பலகை முனகும். நியேவெஸ் தன் அடையில் பாதியைப் பிய்த்து ஏணியடியில் வைக்க ஆரம்பித்தாள். அது காணாமல் போகும், எலி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை கூப்பிட்டால் திரும்புகிற குழந்தை இப்போது மூன்றுமுறை கூப்பிட்டால்தான் திரும்பியது. உள்ளங்கை சில்லிட்டுக் கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"பூச்சி மருந்து குடு. எல்லாம் சரியாப் போகும்" என்றாள் குளோரிந்தா.

அடுத்த கடிதம் வந்தபோது மழை இல்லை, பனிமூட்டம். கதவைத் திறந்தால் முற்றம் தெரியவில்லை. அதே மூவர், அதே அடுப்பு, ஆட்டுத்தோல் மேல் அதே குழந்தை. சுனில்டா குழந்தையைத் தன் முழங்காலோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"சுனில்டாவுக்கு என் அன்பு."

"இருக்கேன். அவளுக்கும் அன்பு."

"குளோரிந்தாவுக்கு."

"இருக்கேன்."

"லஸ்தேனியாவுக்கு. அவள் யாரென்று தெரியவில்லை, ஆனாலும் உனக்குத் துணை கிடைத்ததில் சந்தோஷம். தாள் முடிந்துவிட்டது. எதெல்மிரா."

"நியேவெஸ்?" என்றாள் சுனில்டா. "எம் பொண்ணு பேரு எங்க?"

"இல்லடி. இடம் பத்தல போல. விட்டுட்டா."

முழங்காலருகே குழந்தையின் வாய் திறந்தது.

"இருக்கேன்."

அது குழந்தையின் குரல் இல்லை.

"அவளுக்கும் அன்பு."

கடல் சேற்றின் வாடை அந்தச் சின்ன வாயிலிருந்து வந்தது.

"நியேவெஸ்! கண்ணு, நியேவெஸ்!"

குழந்தை திரும்பிப் பார்த்தது. அறையில் வேறு யாரையோ அம்மா கூப்பிடுகிறாள் என்பதுபோல மூலை மூலையாகத் தேடியது. பிறகு கேட்டது:

"யாரு அது?"

திரான்சிதோ தாளை நழுவவிட்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"சுனில்டா... போன கடுதாசில அப்படி ஒரு பேரே இல்ல."

"என்ன சொல்றே?"

"மை ஊறிப்போயிருந்துச்சு. வெறும் கறை. பசுவோட பேரா இருந்திருக்கும். இவ கேலி பண்ணாளேன்னு வாய்க்கு வந்த ஒரு பேரைப் போட்டுப் படிச்சேன். லஸ்தேனியான்னு யாரும் கிடையாதுடி. நான் கூப்பிட்டதும்... ஏதோ ஒண்ணு அந்தப் பேரை எடுத்துக்கிச்சு."

குளோரிந்தா தொடையில் தட்டிச் சிரித்தாள். "கடைசியில ஒரு எழுத்து தோக்கடிச்சிருச்சா உன்னை! பிள்ளை விளையாடுது, ரெண்டு போட்டா சரியாயிரும். மைக்கறையாம், பேயாம்! அப்படி ஒருத்தி இருந்தா என் வீட்டுக்கு அனுப்புங்க. நானும் ஒத்தக்கட்டை. பேச்சுத்துணைக்கு ஆச்சு."

சுனில்டா நிமிர்ந்தாள்.

"நெசமாவா சொல்றீங்க அண்ணி?"

"பத்திரமே எழுதிக் குடுப்பேன்."

நியேவெஸ் பிறந்த இரவு முழுக்கத் தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் குளோரிந்தா. அது சுனில்டாவுக்கு மறந்துபோகவில்லை. முழங்காலருகே குழந்தையின் விரல்களைத் தொட்டாள். ஆற்றுக் கல் மாதிரி இருந்தன.

"அக்கா, பேனாவை எடு. எழுதி, உரக்கப் படி."

"வேண்டாம் சுனில்டா..." என்றாள் திரான்சிதோ.

"எழுது! அவங்களே கூப்பிட்டாங்க."

குளோரிந்தா கண்ணடித்தாள். பேனா கீறியது. திரான்சிதோ படித்தாள், ஒவ்வொரு சொல்லாக.

"நியேவெஸ் எங்கள் வீட்டில் சுகம்."

குழந்தை இன்னும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மறுபடி!"

"நியேவெஸ் எங்கள் வீட்டில் சுகம். லஸ்தேனியா இன்றுமுதல் குளோரிந்தாவின் வீட்டில். அவளுக்கு அன்பு சொல்ல விரும்புகிறவர்கள் அங்கே சொல்லவும்."

அடுப்பில் தணல் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

"இருக்கேன்."

இப்போது குழந்தையிடமிருந்து இல்லை. குளோரிந்தாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

குளோரிந்தாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "பெஞ்சு கிரீச்சுன்னுது" என்றாள், யாரும் கேட்காமலே.

"அம்மா" என்றது குழந்தை, தன் சொந்தக் குரலில். "பசிக்குது."

சுனில்டா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு தேம்பினாள். குளோரிந்தா போர்வையை இழுத்து மூடி, "பைத்தியக்காரிங்களா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

பிறகு அது மறுபடி திறந்தது. மறுபடி சாத்திக்கொண்டது.

அந்த வாரம் குளோரிந்தா மாத்தே குடிக்க வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் புகை மட்டும் எழுந்தது. சுனில்டா ஓடைவரை போவாள், கூப்பிட வாய் எடுப்பாள், பெயர் சொல்லப் பயந்து திரும்பிவிடுவாள். நியேவெஸ் நன்றாகச் சாப்பிட்டாள். ஏணியடியில் எதுவும் வைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து திரான்சிதோ சுனில்டாவின் வீட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. குளோரிந்தா. முகம் ஒட்டிப்போயிருந்தது. பெஞ்சின் நடுவில் சப்பணமிட்டு உட்காருகிறவள், ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தாள்.

"ஒரு கடுதாசி எழுதணும். எதெல்மிராவுக்கு."

கடிதம் எழுதுவது வேலையத்தவர்கள் வேலை என்று வாழ்நாள் எல்லாம் சொன்னவள். யாரும் கேலி செய்யவில்லை. சுனில்டா மாத்தேயைக் கலந்து அவளிடம் நீட்டினாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிருங்க."

குளோரிந்தா குடுவையை வாங்கினாள். குடிக்கவில்லை. பக்கத்து வெற்றிடத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

குழல் அசைந்தது.

அடித்தண்ணீரை உறிஞ்சும் அந்தச் சத்தம் கேட்டது, நீளமாக, குடுவை காலியாகும்வரை.

"சும்மா இரு" என்றாள் குளோரிந்தா, அந்தப் பக்கம் திரும்பாமல், தாழ்ந்த குரலில். பிறகு திரான்சிதோவைப் பார்த்தாள்.

"எழுதுக்கா. நான்தான் நம்பல. நடந்தது அத்தனையும் நெசம்னு போடு. நாங்க ரெண்டு பேரும் சுகம்னு போடு."