ஒரே டேக்

கம்பியைத் தட்டினான், சத்தம் கொஞ்சம் கழித்து வந்தது.

கொஞ்சம் என்றால் கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. வேறு யாராவது என்றால் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் மதுரைவீரனின் காது, கோயில் திருவிழா மேடைகளில் கிடார் வாசித்தே தேய்ந்த காது. விரல் ஒரு கம்பியை விட்டு விலகி, அதை மறந்து, அடுத்த கம்பிக்குக் கிளம்பிய பிறகுதான் ஹெட்போனுக்குள் அந்த ஸ்வரம் வந்து அசடு வழிய நின்றது. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். கேஸ் சிலிண்டர் தாமதமாக வரும். திருச்சி பஸ் தாமதமாக வரும். பிள்ளை வரவே இல்லை. அதனால் முதலில் அவன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளத்தூரில் அவர்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டி, மூட்டை போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அதைத்தான் ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. ஒரே ஜன்னலில் செவந்தியின் பழைய மேடைச் சேலைகளைத் திணித்து அடைத்திருந்தான். பட்டப்பகலிலும் உள்ளே சாயங்காலம்தான். வெயில் ஏற ஏற, அட்டையிலிருந்து பழைய முட்டை வாடையும் சேலையிலிருந்து காய்ந்த பவுடர் வாடையும் சேர்ந்து எழும். "ஒங்க ஸ்டூடியோவுல எனக்கு ஆம்லெட் ஞாபகம்தான் வருது" என்பாள் செவந்தி. அவள் அவன் மனைவி. அவன் கிடார் வாசிக்கிற மேடைக் குழுவில் பாடியவள்.

பாடியவள் என்று இறந்தகாலத்தில் சொல்ல அவனுக்குப் பிடிக்காது. அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. வியாழக்கிழமை தஞ்சாவூரில் ஆபரேஷன். டாக்டர் வெகு பக்குவமாகத்தான் சொன்னார்: "பேசலாம், நடக்கலாம். பாடுறதை மட்டும் விட்டுருங்க." செவந்தி அவரிடம் பேரம் பேசினாள். அடுத்த மாதம் ஊரில் மது எடுப்பு. தென்னம்பாளை செருகிய குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் அம்மன் கோயிலுக்குப் போகிற திருவிழா. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருடம்கூட அவள் குடம் எடுக்காமல் இருந்ததில்லை. இந்த வருடம் படுக்கையில்தான் இருப்பாள். அதனால் ஒரே ஒரு பாட்டு. அவளே கட்டியது. அதைப் பதிவு செய்துவிட்டால் கோயில் ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்வார்கள். டாக்டர் அவனைப் பார்த்தார். "ஒரு தடவை. மெதுவா. ஒரே தடவைதான்" என்றார்.

"ஒரே டேக், சார். சத்தியமா" என்றான் மதுரைவீரன். பெயர்தான் மதுரைவீரன். பல்லி விழுந்தால் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிற ஆள்.

ஒரே டேக் என்றால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கிடாரையும் மைக்கையும் செருகிக்கொள்ள அவனிடம் பிராசசர் என்கிற பெட்டி ஒன்று இருந்தது; யாரோ வைத்திருந்து விற்றது. அதிலிருந்து யு.எஸ்.பி. ஒயர், ஹப் என்கிற ஒரு சின்ன இணைப்புக் கட்டை வழியாக, லேப்டாப்புக்குப் போகும். பாடுகிறவர் குரல் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு ஹெட்போனுக்குத் திரும்பும். அந்தச் சுற்றில்தான் தாமதம். காலையில் செவந்தி ஹெட்போனை மாட்டி முதல் வரியைத் தொட்டாள், தடுமாறினாள், நெஞ்சில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"மாமா, எம் பின்னாடியே ஒருத்தி பாடிக்கிட்டு வாரா. அவள மொதல்ல அனுப்பிச்சு விடுங்க."

"அவளும் நீதான் புள்ள. லேட்டா வந்த நீ."

"அவளுக்கு மூச்சு நல்லாருக்கு. அவளையே பாடச் சொல்லுங்க" என்று சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. போய்ப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் புதுக்கோட்டைக்குப் போன் போட்டான். அரவிந்த்குமார், குழுவுக்கு சவுண்ட் போடுகிறவன்.

"வீரண்ணே, அந்த ஹப்பைத் தூக்கி அங்கிட்டுப் போடுங்க. ஒயரை நேரா லேப்டாப்புல சொருகுங்க. வைஃபைய அமத்துங்க. அப்பறம் பஃபரைக் கொறைங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீயும் ஒரு தடவ சொல்லு."

"தெரியாதுன்னு சொல்ல மாட்டீகளே. குழாயடில கொடம் வைக்கிறோம்ல, அதாண்ணே பஃபரு. கொடம் நெறஞ்சாத்தான் லேப்டாப்பு தூக்கும். பெரிய கொடம்னா லேட்டு. சின்னச் சொம்பா வைங்க, ஒடனே தூக்கிரும். ரொம்பச் சின்னதா வச்சா சிந்தும். படபடன்னு கேக்கும்."

குறைத்தான். தாமதம் குறைந்தது. இன்னும் குறைத்தான். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று வந்தது. ஒயரை மாற்றினான். லேப்டாப்பில் தேவையில்லாததையெல்லாம் மூடினான். கூடத்தில் செவந்தி படுத்திருந்த கட்டிலுக்கு மேலே மின்விசிறி கிறீச், கிறீச் என்று சுற்றும் சத்தத்தை மைக் பிடித்து அவன் காதுக்குள் ஊற்றியது. கடைசியாக ஒரு படி குறைத்தான். கூடியிருக்க வேண்டிய படபடப்பு நின்றேபோனது. கம்பியைத் தட்டினான். விரலும் சத்தமும் ஒரே நேரத்தில். அப்பாடா என்றிருந்தது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள ஒரு கையை வளைத்துப் பார்த்தான், எட்டவில்லை.

மறுபடி தட்டினான். இல்லை, தட்டப் போனான்.

சத்தம் வந்துவிட்டது. விரல் இன்னும் கம்பியைத் தொடவில்லை.

விரலைப் பார்த்தான். விரல் அவனைப் பார்த்தது. சரி, வெயில், பசி, நாலு நாளாகத் தூக்கமில்லை என்று காரணங்களை அடுக்கினான். அப்போது ஹெட்போனுக்குள் தெருவில் உப்பு விற்கிற வேன் வந்தது. "கல்லுப்பு, பொடியுப்பு" என்று ஒலிபெருக்கி, நடுவே ஓர் இருமலோடு, கத்திக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போனது. ஹெட்போனைக் கழற்றினான். தெரு அமைதியாக இருந்தது. ஒரு காக்கை. விசிறி. ரொம்ப நேரம் கழித்து, தூரத்தில், பேருந்து நிலையம் பக்கமிருந்து அந்தக் குரல் கிளம்பியது. கல்லுப்பு. பொடியுப்பு. அவன் ஏற்கெனவே கேட்ட அதே இருமலோடு வீட்டைத் தாண்டிப் போனது.

அரவிந்த்குமாருக்கு மறுபடி போன் போட்டான். "தம்பி, சத்தம் முன்னாடியே வருதுடா."

"முன்னாடி வந்தா நல்லதுதானண்ணே. ஒங்க வாழ்க்கைல ஒண்ணாச்சும் முன்னாடி வருதே" என்று சிரித்தான் அவன். "வெயில்ல ஒக்காராதீக. மோரு குடிங்க."

மோர் குடித்தான். திரும்பி வந்து, செய்யக் கூடாது என்று தெரிந்தே, ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

முதலில் கிடார். அவன் வாசிப்புதான், ஆனால் பிராசசரின் பூச்சு எதுவும் இல்லாமல், வெறும் மரத்தின் வறண்ட ஓசை. அதன் மேல் செவந்தி.

*இந்த வருசம் கொடமெடுக்க ஏலலையே தாயே, கொரல மட்டும் அனுப்பிவச்சேன்…*

அவன் கண் நிறைந்துவிட்டது. மேடையில் முதன்முதலாக அவள் பாடியபோது சுருதி தவறி வாசித்தானே, அந்தக் குரல். எங்கும் தட்டவில்லை, தடுமாறவில்லை. ஒரே டேக். பாட்டு இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது.

*வாசல் தெறந்து வையி தாயே, வாசல் தெறந்து வையி.*

முடிந்தது என்று நினைத்தான். முடியவில்லை. அதே வரி மறுபடி வந்தது. மறுபடியும். பஃபர் சிக்கிக்கொண்டால் இப்படித்தான் ஒரே துண்டு சுற்றும் என்று அவனுக்குத் தெரியும். லேப்டாப்பின் பொத்தானை அமுக்கினான். நிற்கவில்லை. ஆனால் சிக்கிய துண்டு என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இது ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்தது. வரிக்கு நடுவே மூச்சு எடுத்தது. பிறகு சொல்லுக்கு நடுவே எடுத்தது. பிறகு, *வாசல்…*

எவர்சில்வர் தம்ளர் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. உருண்டது. ஓர் ஆண் குரல் கேட்டது: "செவந்தி." பதிவில் கேட்டால் அவனுக்கே பிடிக்காத, மூக்கடைத்த அவன் குரல். "செவந்தி. ஏ புள்ள. செவந்தி." பிறகு கதவு. செருப்புச் சத்தங்கள். நிறையப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுப்புகிற அந்த ஓலம். அதற்கும் பின்னால், வாசலில், சங்கு.

கழற்றி எறிந்தான்.

விசிறி. கிறீச். கிறீச்.

கூடத்தை எட்டிப் பார்த்தான். செவந்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சேலை மடிப்பு ஏறி இறங்கியது. அது ஏறி இறங்குவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து தாமதத்தை ஒழிக்கப் படாத பாடு பட்டவன், உள்ளே ஓடி பஃபரை ஏற்றினான். இருப்பதிலேயே பெரிய குடம். மெதுவா வா. லேட்டா வா. இந்த வீட்டில் எல்லாம் லேட்டாகத்தானே வரும், நீயும் வாயேன். அதுவும் போதாமல் ஒயரைப் பிடுங்கினான். ஒயர் தரையில் செத்த சாரைக்குட்டியாகக் கிடந்தது. வெயில் சாயும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"சரியாப்போச்சா மாமா?"

அறை வாசற்படியில் நின்றிருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, தலை வாரியிருந்தாள். கையில் வெந்நீர். எவர்சில்வர் தம்ளரில்.

"இல்ல. இன்னும் கோளாறாத்தான் இருக்கு. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்குக் காலைல தஞ்சாவூரு கெளம்பணும்."

"வந்து பாடலாம். ஆபரேஷன் முடிஞ்சு, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு, அப்பறமா."

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "அப்பறம்னு ஒண்ணு இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

"ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு? பல்லி விழுந்துச்சா?" அருகில் வந்து அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "பொட்டியும் வேணாம், ஒயரும் வேணாம். போன்ல பதிஞ்சுக்கங்க. நான் பாடாம போனேன்னா அது எனக்கு அடைச்சுக்கிட்டே இருக்கும் மாமா. ஒரே தடவ. அப்பறம் நீங்க சொல்ற பேச்சு கேக்குறேன்."

அவளே போனை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தாள். அவன் மனம் கணக்குப் போட்டது: காதில் கேட்டது பெட்டி வழியாக வந்தது, இதில் பெட்டி இல்லை, ஆகவே அது வேறு, இது வேறு. பயந்தவன் மனம் எதையும் ஒப்புக்கொள்ளும். கிடாரை மடியில் வைத்தான். தட்டினான்.

பெட்டி இல்லாத கிடார். வெறும் மரத்தின் வறண்ட ஓசை.

அவன் விரல் நிற்கப் பார்த்தது. அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

*இந்த வருசம் கொடமெடுக்க ஏலலையே தாயே…*

ஒரு கை தம்ளரைப் பிடித்திருந்தது. இன்னொரு கை அவன் தோளில் இருந்தது. முட்டை அட்டைக் குழிகள் அவள் குரலை விழுங்கிக்கொண்டே இருந்தன. எங்கும் தட்டவில்லை. தடுமாறவில்லை. பாட்டு இறங்கி வந்தது, அவன் அறிந்த படிகளில், ஒவ்வொன்றாக. கடைசி வரி முடிந்தால் தம்ளர் விழும். அதற்கு மேல் எதுவும் இருக்காது.

வரி முடியாவிட்டால்?

மேடைப் பழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் சூடு பிடித்தால், கூட்டம் எழுந்து நின்றால், கிடார்காரன் ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றுவான். அந்த வரியைத் திரும்பப் பாடு என்று அர்த்தம். பாடுகிறவர் ஏன் என்று கேட்கக் கூடாது. எத்தனையோ வருடம் அவன் விரலைப் பார்த்தே பாடியவள் அவள்.

*…வாசல் தெறந்து வையி.*

விரலைச் சுற்றினான்.

அவள் புருவம் உயர்ந்தது. சிரித்தாள். திரும்பப் பாடினாள். முடிந்தது. சுற்றினான். பாடினாள். தம்ளர் கையில்தான் இருந்தது. உயிர் இருந்தது. இப்படியே போகலாம் என்று தோன்றியது. ராத்திரி வரைக்கும். தஞ்சாவூர் வரைக்கும். சுற்றினான். வரிக்கு நடுவே மூச்சு எடுத்துக்கொண்டு பாடினாள்.

சுற்றினான். சொல்லுக்கு நடுவே மூச்சு எடுத்தாள்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஹெட்போனில் சுற்றியது சிக்கிய துண்டு இல்லை. எந்தப் பெட்டியும் எதையும் திருப்பிப் போடவில்லை; அவன் விரல்தான் போட்டது.

நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வரி முடிந்துவிடும். முடிந்தால்.

இடது கை கிடாரின் கழுத்தை விடவில்லை. வலது கையைப் பார்த்தான். விரல் காற்றில் நின்றிருந்தது. பாதி வட்டத்தில்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் பொட்டு வியர்வையில் இறங்கியிருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அவன் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் கண்ணில் வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

*வாசல்…*

தம்ளரின் விளிம்பில் அவள் கட்டைவிரல் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பளபளத்தது. தரையில், ஒயர் பிடுங்கிக் கிடந்த ஹெட்போன் அமைதியாக இருந்தது.