கழுத்தில் தொங்கிய மோதிரம்

காலையில் கிடங்கின் குளிர்பெட்டியில் மேலாளரின் மருந்துக் குப்பிகளைக் காணோம். தொப்பை கரைய அவர் போட்டுக்கொள்ளும் பெப்டைடு ஊசி மருந்து அது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்குமாம். டாக்டர் எழுதித் தந்ததல்ல, தெரிந்தவர் மூலம் வந்தது. அறையை முதலில் திறப்பவள் துப்புரவு அக்கா. அது போதும் அவருக்கு. அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டுப் போலீஸையும் கூப்பிட்டார்.

பெண் இன்ஸ்பெக்டர் மூட்டை சுமந்து வந்தவர் போல நாற்காலியில் சரிந்தார். "தொப்பை மருந்துக்கெல்லாம் நானா?"

ஆரோக்கியத்துக்கு என்றார் மேலாளர். கொஞ்ச நாளாக அது வேலை செய்யவில்லையாம். மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாக நேற்று மதியம் வீட்டில் சாப்பிடும்போதுதான் சொன்னாராம்.

அக்கா துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் வேலை போனது உறுதியாகிவிடும்.

கிடங்கின் வேனை ஓட்டும் மேலாளரின் மைத்துனன் வந்தான். அவனும் அவர் வீட்டில்தான் இருக்கிறான். பூட்ஸ் நனைந்துவிட்டது என்று செருப்போடு வந்திருந்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான், விரல்களை உதறிக்கொண்டான். கல்யாண மோதிரம் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

"மோதிரம் ஏன் அங்க?"

"இளைச்சுட்டேன் மேடம். கழண்டு விழுது."

"போட்டுக் காட்டு."

மோதிரம் விரல் கணுவோடு நின்றுவிட்டது.

"இளைச்சவனுக்கு ஏன்டா ஏறல? என் வீட்டுக்காரரும் இதைப் போட்டு இப்படித்தான் வீங்கி உட்கார்ந்தாரு. உடம்புல நீர் கோத்துக்கும், விரல் மரத்துப்போகும். பூட்ஸ் நனையல, கால் நுழையல. பரிசோதனைன்னு அவர் சொன்னது வீட்டுல. அது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். மாமாவின் குப்பியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தண்ணீர் ஊற்றி நிரப்பி வைத்தானாம். பரிசோதனை என்றதும் நேற்று மாலை மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டானாம்.

மேலாளர் கோபப்படவில்லை. மைத்துனனின் வயிற்றையே ஏக்கத்தோடு பார்த்தார். "டேய், உண்மையைச் சொல்லு. எவ்வளவு குறைஞ்சுது?"

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சில நோயாளிங்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்தா வயித்துக் கொழுப்பு கொஞ்சம் குறையுதாம். நல்லா இருக்கிறவனுக்கு ஆரோக்கியம் கூடும்னு யாரும் நிரூபிக்கல. சர்க்கரை ஏறினாலும் ஏறும். நீங்க வீங்காம நிக்கிறதுக்கு இவன் ஊத்தின தண்ணிக்குத்தான் நன்றி சொல்லணும். முதல்ல அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க."

மேலாளர் தரையைப் பார்த்து ஏதோ முனகினார். நாளையிலிருந்து வரச் சொன்னார்.

அக்கா ஏற்கெனவே கூட்டத் தொடங்கியிருந்தாள். மேலாளரின் நாற்காலியருகே வந்ததும் நின்றாள்.

"காலைத் தூக்குங்க சார்."