தெறித்துப் போனவை

வரைவாளர் அந்த மாடிப் பகுதிக்குக் குடிவந்தபோது மழை விட்டிருந்தது. கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் தயாரிக்கும் பணி என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். பெட்டிகளும் படுக்கையும் முன்னே சென்றன. கடைசியாக ஒரு மரப்பெட்டியை, எவரையும் தொடவிடாமல், தாமே மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார்.

கீழ்த்தளத்தில் வசித்த வீட்டுக்காரம்மா படியோரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"உள்ளே என்ன சார், தங்கமா?"

"கடிகாரம்மா. சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம். பிரிச்சு, துடைச்சு, திரும்ப மாட்டுவேன். சும்மா பொழுதுபோக்கு."

"மணி பாக்கவா?"

"மணி பாக்க செல்போன் இருக்கே."

"அப்ப ஓடாததை ஓட வெச்சுட்டு, அதுல மணியும் பாக்க மாட்டீங்க. நல்லா இருக்கு போங்க!" சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைச் சற்றே தாழ்த்தினார். "முன்னாடி இருந்தவங்க வீட்டைப் பத்தி ஒரு குறை சொன்னதில்லை சார். சொல்லாமலே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

அறை நீளமாக இருந்தது. பலகைத் தரை, பலகைகளுக்கு இடையே இருட்டு நிறைந்த இடுக்குகள். ஈர மரத்தின் வாடையோடு, உள்ளங்கையில் நெடுநேரம் இறுக்கிப் பிடித்த நாணயத்தின் வாடையும் கலந்து வந்தது. சன்னலோரமாக மேசையைப் போட்டு, விளக்கைப் பொருத்தி, சிறு சிறு குழிகள் கொண்ட பீங்கான் தட்டை அதன் நடுவில் வைத்தார் வரைவாளர். கழற்றும் உறுப்புகளை வரிசை மாறாமல் அந்தக் குழிகளில் வைப்பது அவர் வழக்கம். வெளி உறுப்புகள் முதலில். போகப் போக உள்ளிருப்பவை.

அவருடைய மனைவி பிரிந்து சென்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சண்டை எதுவும் இல்லை. இருவருக்குள்ளும் பேச்சுதான் தீர்ந்து போயிருந்தது. தங்கை மட்டும் விடாமல் தொலைபேசியில் அழைப்பாள். தன் வீட்டில் அவருக்கென ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். "இந்தக் கடிகாரம் முடியட்டும்மா" என்பார் அவர். ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் பிரித்துவிடுவார்.

ஒரு விடுமுறை நாள் நண்பகல். மடியில் கட்டியிருந்த துணியின் மறுமுனையை மேசை விளிம்பில் கோக்க அவர் மறந்துவிட்டார். கை தவறும் உறுப்புகளை ஏந்திக்கொள்வதற்கான துணி அது. இடுக்கியை ஒரு மயிரிழை அதிகமாக அழுத்திவிட்டார். எள்ளளவான திருகு ஒன்று தெறித்து எங்கோ மறைந்தது. மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. கை கழுவிவிட்டுத் திரும்பினார்.

திருகு தட்டில் இருந்தது. அதற்குரிய குழியில்.

மறதி என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு சுருள்வில் தெறித்தது. இம்முறை தேடாமல், மேசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார்.

பலகை இடுக்கில் ஒரு நகம் ஊரும் ஓசை கேட்டது.

நின்றது.

பீங்கானில் ஏதோ மெல்ல விழுந்தது.

அஞ்சி ஓடியிருக்க வேண்டியவர் ஓடவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைக்கூட யாரும் எடுத்து நீட்டாத வாழ்வில், தொலைந்த சுருள்வில்லை யாரோ தேடி எடுத்துத் தந்திருக்கிறார்கள்.

"ரொம்ப நன்றிங்க" என்றார், வெற்று அறையை நோக்கி.

அன்று முதல் அவர் மடித்துணியை வேண்டுமென்றே கோக்காமல் விட்டார். அலுவலகம் விட்டு வந்ததும் இடுக்கியை அழுத்துவார், திருகு தெறிக்கும், முதுகைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பார். அன்றைய அலுவலகச் செய்திகளைச் சொல்வார். மேலாளர் வாசற்கதவு இல்லாமல் ஒரு வீட்டுக்கு ஒப்புதல் அளித்துவிட்ட கதையைச் சொல்லி, தாமே சிரித்துக்கொண்டார். நகம் பொறுமையாகக் கேட்டபடி ஊர்ந்தது.

ஒரு மாலை, பேச்சுக்கு நடுவே அவர் அறியாமல் மனைவியைப் பற்றிய ஏக்கம் வெளிப்பட்டுவிட்டது.

"அவளும் இப்படித் திரும்பி வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

நகம் சட்டென்று நின்றது.

அன்று அது திரும்ப ஊரவே இல்லை.

மறுநாள் காலையில் முதல் குழியில் ஒரு தலைமுடி இருந்தது. கடிகாரத்தின் சுருள்வில்லைப் போல வட்டத்துக்குள் வட்டமாக, பிசகில்லாமல் சுற்றப்பட்டிருந்தது. நுனி கருமை, வேர் நரை. பழைய துணி எதிலேனும் ஒட்டி வந்திருக்கும் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த குழியில் ஒரு விரல்நகம் வந்தது. பாதி உரிந்த இளஞ்சிவப்புப் பூச்சு.

அதற்கடுத்து ஒரு பல்.

வேரில் ஈரம் இன்னும் காயவில்லை.

வெளி உறுப்புகள் முதலில். போகப் போக உள்ளிருப்பவை. அவர் செய்வதை அது அத்தனை நாளும் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. தட்டில் இன்னும் எத்தனையோ குழிகள் காலியாக இருந்தன.

அந்நேரம் தங்கை அழைத்தாள்.

"அண்ணா, அண்ணியைக் கடைத்தெருவில பாத்தேன். தலையில துணி கட்டியிருந்தாங்க. முடி கொத்துக் கொத்தா போகுதாம். தூங்கி எழுந்தா ஒரு பல்லைக் காணோமாம். டாக்டருக்கே ஒண்ணும் புரியலையாம். உடம்பெல்லாம் யாரோ இடுக்கியால பிடிச்ச மாதிரி தடம் வேற. பாவம்ணா. பயந்து போயிருக்காங்க."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு மேசையின் முன் நின்றார்.

"வேண்டாம். போதும். வேண்டாம்."

நகம் ஊர்ந்துகொண்டே இருந்தது.

உதடு சொல்வதை அது கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. உள்ளே அவர் அவளை இன்னமும் விரும்பிக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை அந்த நாற்காலியிலேயே அமர்ந்து அவளை நினைத்தார். வேறொரு வீட்டில், வேறு மனிதர்கள் நடுவே, அவர் கேட்டிராத ஏதோ வேடிக்கைக்கு அவள் வாய்விட்டுச் சிரிப்பதாக நினைத்தார். அந்தச் சிரிப்பில் தமக்கு இடமில்லை என்பதை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டார்.

"அவ அங்கேயே நல்லா இருக்கட்டும்" என்றார். கண்ணீர் மேசையில் விழுந்தது. "எனக்கு வேண்டாம்."

காலையில் தட்டு துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. சில நாள்களில் மனைவி தேறிவிட்டதாகச் செய்தி வந்தது.

கூடவே தங்கையும் வாடகை வண்டியோடு வந்து நின்றாள். இனி ஒரு சாக்கும் கேட்பதாக இல்லை என்றாள். அவரும் மனமாரச் சம்மதித்துப் பெட்டிகளைக் கட்டினார். மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதற்படியில் கால் வைத்தபோது, அவர் நின்றிருந்த படியின் அடிப்புறத்தில் நகம் ஊர்ந்தது.

கூடவே வருகிறது.

தங்கை வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். குழந்தைகள் எதைத்தான் வேண்டுமென்று கேட்க மாட்டார்கள்? அவர் திரும்பி வந்து பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"நான் வரலைம்மா."

"என்ன விளையாடறியா? வண்டி நிக்குது."

"அனுப்பிடு."

"ஓஹோ. இந்த ஓட்டைக் கடிகாரத்துக்கு இருக்கிற மரியாதை கூடப் பிறந்தவளுக்கு இல்லை. ரூமுக்குப் புது மெத்தை வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்!" அவள் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தாள். கோபம் அழுகையாக உடைந்தது. "உனக்கு என்னதான் ஆச்சு? சைக்கிள்ல முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டு, வாய் ஓயாம கதை சொல்லுவியே. எனக்கு அந்த அண்ணன் திரும்ப வேணும்."

"இங்கே அதைச் சொல்லாதே!"

அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.

தரையடியில் நகம் நின்றுவிட்டிருந்தது.

அவர் இரு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் அமர்ந்தார். எப்போது கண் அயர்ந்தார் என்று தெரியவில்லை. தொலைபேசி அழைத்தபோது சன்னலில் வெயில் ஏறியிருந்தது.

"அண்ணா…" தங்கை கிசுகிசுத்தாள். "நேத்து என் பையில ஏதாவது வெச்சியா?"

"இல்லையே. ஏன்?"

"சமையல் மேடையில உன் தட்டு இருக்கு. குழி குழியா இருக்குமே, அது. அதுல ஒரு நகம் இருக்குண்ணா. சின்ன வயசுல நான் கதவைச் சாத்தி நசுங்கினதுல கோணலா வளர்ந்துச்சே உனக்கு, அது மாதிரியே."

மேசைமேல் இருந்த மரப்பெட்டியைத் திறந்து பார்த்தார். தட்டு இல்லை. கட்டைவிரலைப் பார்த்தார். வலி இல்லை, இரத்தம் இல்லை. அங்கே எதுவும் எப்போதும் இருந்ததே இல்லை என்பதுபோல் தோல் வழவழவென்றிருந்தது.

'அண்ணன் வேண்டாம்' என்று அவள் சொல்ல வேண்டும். உதட்டளவில் சொன்னால் போதாது. மனமார வெறுக்க வேண்டும். அதற்கு அவர் ஏதேனும் கொடுமையான சொல்லை இப்போதே சொல்லியாக வேண்டும். இந்த உலகத்தில் அவரை வேண்டுமென்று நினைக்கும் ஒரே ஒருத்தியிடம்.

"அண்ணா? லைன்ல இருக்கியா? பயமா இருக்குண்ணா. ஏதாவது பேசு."

"இருக்கேன்மா" என்றார்.

சொல்லும்போதே அவருடைய நாக்கு பல்வரிசையில் புதிதாய் விழுந்திருந்த ஓர் இடைவெளியில் இடறியது.

மறுமுனையில், தங்கையின் மூச்சொலிக்குப் பின்னால், பீங்கானில் ஏதோ மெல்ல விழுந்தது.