எழுதாத பேனா

காலை பத்து பத்து. அகராதி அலுவலகத்தின் மூன்றாம் இழுப்பறையில் ஓர் அட்டையைக் காணவில்லை.

ஓர் அட்டைக்கா போலீஸ் என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. ஒவ்வொரு ஆங்கில வினைச்சொல்லுக்கும் ஓர் அட்டை. பொருளும் பிறப்பும் அதில்தான். காணாமல் போனது ‘ரைட்’, அதாவது எழுது. பன்னிரண்டு மணிக்கு ஆசிரியர் குழு கூடி அதைப் பார்க்கவேண்டும்.

அட்டை எடுப்பவர் பதிவேட்டில் கையெழுத்திடவேண்டும். நேற்றைய தேதியில் இருந்தது அட்டைக்காரம்மாவின் கையெழுத்து. பத்தொன்பது வருடமாக அட்டைகளைக் காப்பவர். அட்டை கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

“நான் எடுக்கலைம்மா. கையெழுத்தும் போடலை,” என்றார், விசாரிக்க வந்த பெண் போலீஸ் ஆய்வாளரிடம்.

“பாலுக்குப் பூனையைக் காவல் வெச்சோம், வேறென்ன!” என்றார் துணையாசிரியர்.

ஆய்வாளர் துணையாசிரியரின் மேசையை நோட்டமிட்டார். மேலே, அடுத்த வாரத்துக்காக அட்டைக்காரம்மா எழுதிய விடுப்புக் கடிதம். பக்கத்தில் ஒரு பேனா. கிறுக்கிப் பார்த்தார். மை வரவில்லை.

“அது எழுதாதும்மா.”

“அப்புறம் எதுக்கு சார் கைக்கெட்டுற இடத்துல?”

“தூக்கிப்போடச் சோம்பேறித்தனந்தான்.”

“இந்தக் கடிதம்?”

“முந்தாநாள் குடுத்தாங்க. என்கிட்டதான் இருக்கு.”

பதினொன்று நாற்பது. ஆய்வாளர் அட்டைக்காரம்மாவிடம் திரும்பினார்.

“அக்கா, அந்த அட்டையில அப்படி என்னதான் இருந்துச்சு?”

“லத்தீன்ல பொறந்த வார்த்தைன்னு சார் எழுதியிருந்தாரு. தப்பு. அது பழைய ஆங்கிலம். ஆதியில ‘கீறு’ன்னுதான் அர்த்தம். செவப்பு மையில திருத்தி வெச்சேன்.”

“கீறுறதா? மை வேணாமா?”

“கல்லுலயும் மரத்துலயும் கீற மை எதுக்கும்மா?”

ஆய்வாளரின் பார்வை மை வராத பேனாவுக்குப் போனது. பிறகு கடிதத்தையும் பதிவேட்டையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“இங்க பாருங்க. கடிதத்துல அக்கா கையெழுத்து மேலயே மையில்லாத ஒரு கீறல். பதிவேட்டுல மைக்கு அடியில அதே கீறல்; வாலு மட்டும் மையை விட்டு விலகிப்போச்சு. கடிதத்தைப் பதிவேட்டு மேல வெச்சு அழுத்திக் கீறி, பதிஞ்ச தடத்துல மை ஓட்டியிருக்கீங்க. கடிதம் உங்ககிட்டதான் இருந்துச்சு, சார். செவப்புத் திருத்தம் குழு கண்ணுல படக்கூடாது, பழி அக்கா தலையில. அப்படித்தானே?”

“எழுதாத பேனாவை வெச்சுக்கிட்டு…”

“அந்த வார்த்தையோட பழைய அர்த்தத்துல நல்லாவே எழுதியிருக்கு, சார்.”

துணையாசிரியரின் கை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் போனது. உள்ளே நான்காக மடிந்திருந்தது அட்டை.

அட்டைக்காரம்மா அதை மடியில் வைத்து நீவினார். குழுவிடம் கொண்டுபோகுமுன் பதிவேட்டைத் திறந்தார், விதி விதிதானே. தன் பேனாவை முதலில் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். மை வந்தது. கையெழுத்திட்டார்.