எடுத்துக்கிட்டேன்

சின்ன டாக்டர் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தபோது மதியம்தான். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்ததில் விளக்கைப் போட வேண்டியிருந்தது. போட்டதில் பாதிதான் எரிந்தது. மீதி வார்டு வழக்கம்போல இருட்டில் கிடந்தது. பினாயில் வாடையும் காயாத துணியின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

கீழே வாசலில் கோஷம் ஆரம்பித்துவிட்டது.

வேலைநிறுத்தத்துக்குக் காரணம் ஒட்டகம். தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்ப்பவன் என்று ஓர் இளம் டாக்டருக்குக் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் அது. மாற்றிவிட ஆள் வராமல் கண்ணை மூடாமல் நின்றவன், கடைசியில் மாடிப்படியில் தலைகுப்புற விழுந்தான். இன்னும் நினைவு திரும்பவில்லை. இனியும் பொறுத்தால் நமக்கு சூடு சொரணை இல்லை என்று அர்த்தம் என்று எல்லோரையும் திரட்டியவள் சின்ன டாக்டர்தான். கை மாற்றாமல் ஒரு நோயாளியையும் விட்டு இறங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டவளும் அவளே. போராட்டம் முடியும்வரை பெரிய டாக்டர்கள் உள்ளே இருந்து பார்த்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு.

கை மாற்றுவதற்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு முறை உண்டு. கட்டிலின் கால்மாட்டில் நின்று, போகிறவர் நிலைமையைச் சொல்வார். வருகிறவர் கேட்டுவிட்டு, ‘எடுத்துக்கிட்டேன்’ என்பார். அந்தச் சொல் வரும்வரை நோயாளி போகிறவர் தலையில்தான். வந்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் போகலாம். சொல்லிச் சொல்லிப் பழகியதில், தூக்கத்தில் எழுப்பினாலும் அவர்கள் வாயில் அதுதான் வரும்.

பெரிய டாக்டர் வந்தார். கட்டில் கட்டிலாக நின்று எடுத்துக்கொண்டார். அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், வேட்டைக்குப் போகிறவர் மாதிரி ஓடினார்.

மிச்சம் இருந்தது கடைசி அறை. அதில் தையல்காரம்மா.

வயிற்றில் ஆபரேஷன் ஆனவள். காலையிலிருந்து நாடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே எங்காவது ரத்தம் கசிந்தால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும். காலையில் அவளே கேட்டிருந்தாள்.

“நீங்களும் போயிடுவீங்களா டாக்டர்?”

“ஆள் விடாம போக மாட்டேம்மா.”

“பட்டன் தைக்காம விட்டா சட்டையப் பின் குத்திப் போட்டுக்கலாம். மனுஷிய அப்படி விட்டுடாதீங்க.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

போன் அடித்தது. நீ வராமல் ஆரம்பிக்க முடியாது என்று கீழேயிருந்து கத்தினார்கள். சின்ன டாக்டர் நடைவழியின் கோடிக்குப் போனாள்.

கடைசி அறை வாசலில், கை கழுவும் தொட்டியருகே, வெள்ளைக் கோட்டில் ஒருவர் முதுகு காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் யாரும் வாங்காத பழைய மருந்துச் சோப்பின் நெடி அடித்தது. மேலிடத்திலிருந்து அனுப்பிய ஆள் போலிருக்கிறது என்று அவளுக்கு நிம்மதி.

“சார், உள்ள வயித்து ஆபரேஷன் கேஸ். நாடி ஏறுது. பக்கத்துலயே இருந்து பாக்கணும்.”

அவர் திரும்பவில்லை.

“எடுத்துக்கிட்டேன்.”

அவள் ஓடிவிட்டாள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சொல்தான் வந்துவிட்டதே.

வாசலில் குடைகளுக்கு நடுவே கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவசரப் பிரிவின் கதவருகே பெரிய டாக்டர் தென்பட்டார். மனதுக்குள் ஏதோ நெருட, அவரிடம் போனாள்.

“கடைசி ரூமுக்கு யாரை அனுப்பினீங்க சார்?”

“அங்க பேஷண்ட் இருக்காங்களா? நீ சொல்லவே இல்லையேம்மா.”

“தொட்டிகிட்ட ஒருத்தர் கை கழுவிட்டு இருந்தார். அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

அவர் முகம் வெளுத்தது.

“அந்தக் குழாய்ல தண்ணியே வராதேம்மா. அடைச்சு எவ்வளவோ வருஷமாச்சு.”

ஆஸ்பத்திரி என்றால் நாலு பேய்க்கதை இருக்கும். அவளும் கேட்டுச் சிரித்திருக்கிறாள். முன்பு ஒரு காலத்தில் எல்லோரும் வேலைநிறுத்தம் என்று இறங்கியபோது, ஒரு டாக்டர் மட்டும் அதே பெண்கள் வார்டில் நின்றாராம். மாற்று ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள் அனுப்பவே இல்லையாம். தொட்டியில் கை கழுவிக்கொண்டே சரிந்தாராம். அவர் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்திகூடப் பிழைக்கவில்லையாம்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

“தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க சார்!” என்று கத்திவிட்டுப் படியேறி ஓடினாள். பாதியில் கரண்ட் போனது. நடைவழி முழுக்க அந்தச் சோப்பு நெடி.

தொட்டி காய்ந்து கிடந்தது.

தையல்காரம்மாவின் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருந்தது. நாடியைத் தேடினாள். கிடைக்கவில்லை.

கால்மாட்டில் அவர் நின்றிருந்தார். அப்போதும் முதுகு காட்டியபடி. கட்டில் கம்பியின் மேல் ஈரம் சொட்டும் ஒரு கை.

“இவங்க என் பேஷண்ட் சார். விடுங்க.”

கை அசையவில்லை.

கட்டிலைத் தள்ளினாள். அதுவும் அசையவில்லை.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. கொடுத்தது அவள். முறைப்படித்தான் திரும்ப வாங்க வேண்டும்.

“சொல்லுங்க சார். நான் கேட்டுக்கறேன்.”

குனிந்திருந்த தோள்கள் மெல்ல நிமிர்ந்தன.

“வயித்து ஆபரேஷன்,” என்றது குரல். “உள்ள ரத்தம் கசியுது.”

“எடுத்துக்கிட்டேன்.”

விரலுக்கடியில் நாடி நூலாகத் துடித்தது. கட்டில் நகர்ந்தது. அவள் பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டு நடைவழியில் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

குரல் பின்னாலேயே வந்தது.

“பக்கத்துக் கட்டில், பிள்ளைத்தாச்சி. காய்ச்சல் எறங்கல.”

“எடுத்துக்கிட்டேன்.” பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

“அடுத்தது, மூச்சுத் திணறல். படுக்க வைக்கக் கூடாது.”

“எடுத்துக்கிட்டேன்.”

“தீக்காயம். தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா.”

“எடுத்துக்கிட்டேன் சார், எடுத்துக்கிட்டேன்!”

எத்தனை பேரைச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. கண் முழுக்கத் தையல்காரம்மாவின் உதட்டின் மேல்தான் இருந்தது. தியேட்டர் கதவு தெரிந்தபோது, குரல் காதருகே தழுதழுத்தது.

“அவ்வளவுதாம்மா. நான் கெளம்பட்டுமா?”

“கெளம்புங்க சார்.”

நீளமாக ஒரு பெருமூச்சு. சோப்பு நெடி போய்விட்டது.

ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்தார், சின்ன டாக்டர் கூட நின்றாள். கசிந்த இடம் கிடைத்தது. தையல்காரம்மா பிழைத்தாள். கையுறையைக் கழற்றியபோதுதான் சின்ன டாக்டருக்கு அழுகை வந்தது.

“வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படும்மா. இவங்கள நான் எடுத்துக்கிட்டேன்,” என்றார் பெரியவர். அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அவள் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது அந்தி மங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. கணவன் கதவைத் திறந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தவன், அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துத் திகைத்தான்.

“இத்தனை பேரைக் கூட்டிட்டு வர்றேன்னு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? பாவம், எல்லாரும் படியிலேயே நிக்கிறாங்க. அந்தம்மா வாயும் வயிறுமா வேற இருக்காங்க.”

பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

அவள் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“உள்ள வரச் சொல்லுங்க,” என்றாள். “மொதல்ல தண்ணி கொண்டு வாங்க. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க.”